நிழல் முகிலா

முகிலா பெரியவளாகி என்ன ஆகியிருப்பாள் என்பது இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. காங்கேயம் பக்கத்தில் தேங்காய் காய வைக்கிற ஒரு களத்தில் உட்கார்ந்து கொப்பரைப் பருப்புப் பொறுக்குவாள். பத்தொன்பது வயதில் கல்யாணம். அதற்குப் பிறகு சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் இல்லை.

முகிலாவுக்கு இப்போது வயது ஒன்பது. வக்கீல் தீனதயாளன் கம்பெனியின் அறிக்கையைத் திரையில் ஓட்டி ஓட்டி வாசித்துக்கொண்டிருந்தார். எதிரே முகிலாவின் அம்மா மௌனிகா உட்கார்ந்திருந்தாள். பேருக்குத்தான் மௌனிகா. களத்தில் அவள் வாயைத் திறந்தால் காக்கை கூடப் பருப்பைத் தொடாது என்பார்கள்.

பள்ளிக்கூட பஸ்ஸை விட்டு இறங்கி ஓரமாக நின்ற பிள்ளையை, ஆளில்லாமல் ஓடுகிற சரக்கு டெம்போ ஒன்று தடம் விலகி வந்து இடித்துவிட்டது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வண்டியில் டிரைவர் கிடையாது, ஆத்திரம் தீரத் திட்டுவதற்கு ஒரு மூஞ்சி கூடக் கிடையாது. தப்பு தன்னுடையதுதான் என்று டெம்போவே பதிவு செய்து கம்பெனிக்கு அனுப்பிவிட்டது. கம்பெனியும் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கே ஆள் அனுப்பி, ஆப்பிள் கொடுத்து, வருத்தம் தெரிவித்து, ஈடு கட்டுகிறோம் என்றார்கள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

எவ்வளவு ஈடு என்பதில்தான் வந்தது வினை.

"அதென்னங்க சார் நெழலு? முகிலாவோட நெழலுன்னு போட்டிருக்கறாங்க?"

"அடிபடாம இருந்திருந்தா உன்ற புள்ள எப்பிடி வாழ்ந்திருப்பாளோ, அத மெசின் கணக்குப் போட்டு, சாகற வரைக்கும் ஒரு வாழ்க்கையா ஓட்டிப் பாக்குது அம்மிணி. அதுக்குப் பேருதான் நெழலு. அந்த வாழ்க்கைக்கும் இப்ப இவ வாழப்போற வாழ்க்கைக்கும் நடுவுல என்ன வித்தியாசமோ, அதக் குடுத்தாப் போதும்னு சட்டம் வந்து மூணு வருசமாச்சு."

"களத்துல உக்காந்து பருப்புப் பொறுக்கறதுக்குக் காலு எதுக்குன்னு கேக்கறாங்களாக்கு?"

தீனதயாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறிக்கையில் அதுதான் இருந்தது, கொஞ்சம் நாகரிகமான வார்த்தைகளில். உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் வருமான இழப்பு சொற்பம் என்று போட்டிருந்தார்கள்.

கோயம்புத்தூரில் நரம்புப் பாலம் என்று ஒரு சிகிச்சை வந்திருந்தது. அறுந்த நரம்புக்குக் குறுக்கே மெல்லிய இழை ஒன்றை வைத்து இணைப்பார்கள். பிள்ளை வளர வளர இழையையும் மாற்றிக்கொண்டே வர வேண்டும், வளர்ந்து முடிந்த பிறகுதான் விடுவார்கள். களத்தை, வீட்டை, புருஷன் கோகுலின் டூவீலரை எல்லாம் சேர்த்து விற்றாலும் முதல் இழைக்கே பற்றாது. களமும் வீடும் அவர்களுடையது இல்லை என்பது வேறு விஷயம். கம்பெனிதான் கட்ட வேண்டும். ஆனால் நிழலின் வாழ்க்கை எந்த அளவோ, அந்த அளவுக்குத்தான் சிகிச்சை. பருப்புப் பொறுக்கும் நிழலுக்கு ஒரு மோட்டார் நாற்காலி போதும் என்று கம்பெனி முடிவு செய்திருந்தது.

"மார்க்கெல்லாம் நல்லாத்தானுங்க வாங்குறா. அதையெல்லாம் பாக்கலீங்களா?"

"மார்க்கும் பாக்கும், ஊரும் பாக்கும், அப்பன் ஆத்தா பொழப்பும் பாக்கும். ஆனா அதுக்கெல்லாம் மேல இதுக்குத்தான் எடை குடுத்திருக்குது. கேளு."

அவர் திரையைத் தொட்டார். ஒரு பொம்பளைக் குரல் வந்தது. "இதெல்லாம் எங்க உருப்படப் போகுது. மண்டைல இருக்கறது பூராம் களிமண்ணு. நாலெழுத்துப் படிச்சு நாட்டை ஆளப் போறியாக்கு? நீயும் என்னாட்டம் களத்துல பருப்புப் பொறுக்கத்தான் போற."

அது மௌனிகாவின் குரல். தேர்தலுக்கு முந்தின வருஷம் வீட்டுக்கு ஒன்றாக விலையில்லாமல் வந்த பேச்சுப்பெட்டி, ரேஷன் சொல்லும், பாடம் சொல்லும், கரண்டு பில் கட்டும் என்று சமையலறை அலமாரியில் வைத்திருந்தாள். அது வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறது. விபத்து வழக்கு என்று வந்தால் இரண்டு தரப்பும் அந்தப் பதிவைக் கேட்டு வாங்கலாமாம்.

முகிலாவுக்கு முன்னால் மௌனிகாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து எட்டு மாதத்தில் இறந்தது. கொழுக்கு மொழுக்கென்று இருந்த குழந்தை. பார்த்தவர்கள் எல்லாம் அழகு அழகு என்றார்கள், பெற்றவளும் வாய் ஓயாமல் சொன்னாள். காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டது. காய்ச்சலுக்குக் காரணம் கொசு என்று அவளுக்குத் தெரியும், பிளஸ் டூ படித்தவள். ஆனாலும் கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று ஊர் சொல்கிறது, ஊர்க்கண்ணை விடத் தாய்க்கண் பொல்லாதது என்றும் சொல்கிறது. முகிலா பிறந்த நாளிலிருந்து மௌனிகா அவளை ஒரு வார்த்தை புகழ்ந்ததில்லை. யாராவது பிள்ளை சூட்டிகை என்று சொல்லிவிட்டால், உடனே அதன் தலையில் நாலு வசவைக் கொட்டினால்தான் அவளுக்கு மூச்சு வரும். அந்தப் பக்கத்தில் பாதித் தாய்மார்கள் இப்படித்தான். பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டே சோறு தின்று வளர்ந்துவிடுகிறார்கள்.

"நான் என்ற புள்ளையக் காப்பாத்தறக்குச் சொன்னதுங்க சார் அது. அத வெச்சே அவ காலுல மண்ணப் போடறாங்களே, இவங்க வீட்ல புள்ளைகளே இல்லையா?"

"இதச் சட்டத்துக்குப் புரிய வெக்கலாம் அம்மிணி. ரெண்டு வழி இருக்குது. நெழலே வேண்டாம், பழைய பொதுக் கணக்குல குடுங்கன்னு கேக்கலாம். பொதுக் கணக்குன்னா எல்லாக் கொழந்தைக்கும் ஒரே அளவு. கலெக்டர் புள்ளைக்கும் அதுதான், உன்ற புள்ளைக்கும் அதுதான். வைத்தியச் செலவு தனி, டாக்டர் சொன்னாக் குடுத்தே ஆகோணும். ஆனா கம்பெனி விடமாட்டான், அப்பீலுன்னு மெட்ராசுக்குப் போவான், டெல்லிக்குப் போவான். இல்லீன்னா, நெழலு தப்பு, எங்க பேச்ச எங்க வழக்கப்படி புரிஞ்சுக்கிட்டு மறுபடி கணக்குப் போடுன்னு கேக்கலாம். அது சீக்கிரம் முடியும்."

சீக்கிரம்தான் வேண்டியிருந்தது. அறுந்த நரம்பு ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்று கோயம்புத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார்.

விபத்து இழப்பீட்டு மன்றத்தில் கம்பெனி வக்கீலாக வந்தவன் ரித்விக் என்ற சின்ன வயசுக்காரன். நல்ல வெள்ளைச் சட்டை, நல்ல சிரிப்பு. மௌனிகாவைக் கூண்டில் நிறுத்திப் பெட்டியின் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். மன்றத்தின் பின்வரிசையில் அப்பாவோடு சக்கர நாற்காலியில் இருந்த முகிலாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குரல் உங்களுதுதானேம்மா?"

"ஆமாங்க."

"யாராவது மிரட்டிப் பேச வெச்சாங்களா?"

"இல்லீங்க."

"பெத்த புள்ளைய நாள் பூரா பக்கத்துல இருந்து பாக்கறவங்க நீங்க. உங்களை விட எங்க மெசினுக்கு அதிகமாத் தெரிஞ்சிருமா? நீங்க சொன்னதத்தான் அது நம்புச்சு. உங்க வார்த்தைய நம்புனது தப்புங்கறீங்களா?"

மௌனிகா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பிக்கு எந்த ஊருங்க?"

"சென்னிமலை. அது எதுக்கு?"

"சின்னதுல உங்கம்மா உங்கள வாயாரப் புகழ்ந்தாங்களா?"

ரித்விக் நீதிபதி பக்கம் திரும்பினான். நீதிபதி மெர்லின் நாகர்கோவில்காரர், அதிகம் பேசாதவர். "பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல," என்றார். "சொல்லவும் செய்யலாம்."

அவன் தண்ணீர் எடுத்துக் குடித்தான்.

"மெசினுக்குத் தெரியாதுங்க. அது இந்த மண்ணுல பொறக்கல, அதுக்கு ஆத்தா இல்ல," என்றாள் மௌனிகா. "உங்களுக்குத் தெரியும் தம்பி. எருமன்னும் தண்டச்சோறுன்னும் திட்டு வாங்கித்தான் வக்கீலுக்குப் படிச்சிருப்பீங்க. அந்த வசவு என்னன்னு தெரிஞ்சே எடுத்துட்டு வந்து, ஒரு அறியாப்புள்ள முன்னால போட்டுக் காட்டறீங்க. மெசினு மேல எனக்குக் கோவமே இல்லீங்க."

மன்றத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்படின்னா உங்க மகளப் பத்தி உண்மையிலயே என்ன நினைக்கிறீங்களோ, அத இங்க சொல்லுங்க. பதிவாகட்டும்."

இதை மௌனிகா எதிர்பார்க்கவில்லை. இத்தனை பேர் கண் முன்னால், இத்தனை காது கேட்க, பெற்ற பிள்ளையைப் புகழ வேண்டும். எட்டு மாதத்தில் போனவள் ஞாபகத்துக்கு வந்தாள். சொல்லாவிட்டால் கால் போகும், சொன்னால் எது போகுமோ. பின்வரிசையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ற புள்ள கெட்டிக்காரிங்க," என்றாள். "ரெண்டாவது படிக்கறப்ப டீச்சரம்மா போர்டுல போட்ட கணக்கு தப்புன்னு எந்திரிச்சுச் சொன்னா. டீச்சரம்மா அடிச்சுப்போட்டாங்க. மறுநாளும் எந்திரிச்சு அதையேதான் சொன்னாளுங்க. அவளுக்குப் பயமே கெடையாது. களத்துல மேஸ்திரி எங்களுக்கு எடை போடறதையே அவதான் பக்கத்துல நின்னு சரி பாப்பா. நான் பெத்ததுன்னு சொல்லிக்க எனக்கே யோக்கியதை இருக்குதான்னு நெனைப்பேனுங்க. பெரிய ஆளா வருவாளுங்க. சத்தியமா வருவா."

தொடங்கியது நிற்கவில்லை. ஒன்பது வருஷம் அடைத்து வைத்தது மொத்தமும் வந்தது. பின்வரிசையில் முகிலா வெட்கம் தாங்காமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நீதிபதி கம்பெனியின் அறிக்கையை ஏற்காமல் தள்ளிவிட்டார். தீனதயாளன் முதலில் சொன்ன அந்த இரண்டு வழியையும் அவரும் சொல்லி, எது வேண்டும் என்று மௌனிகாவையே கேட்டார். "பொதுக் கணக்கு கேட்டா எல்லாக் குழந்தைங்களுக்கும் ஒரு வழி பிறக்கும். ஆனா காலம் ஆகும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? நரம்பு காத்திருக்காது. அதோடு, பொய் சொல்லக்கூடாது, அவளுக்கு ஒரு ஆசையும் இருந்தது. பருப்புப் பொறுக்குவாள் என்று சொன்ன அதே மெசின், என் பிள்ளை யார் என்பதைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்ற ஆசை.

"மறுக்கா கணக்குப் போடச் சொல்லுங்க," என்றாள்.

மெசினுக்குக் கொங்குநாட்டுத் தாய்மார்களின் வசவு கற்றுக்கொடுக்கப்பட்டது. புதிய நிழல் வந்தது. அந்த முகிலா எஞ்சினியராகி, பாலங்கள் கட்டி, சொந்த வீட்டில் இருந்தாள். மௌனிகா அந்த அறிக்கையைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். கோகுல் கூட, "அட, பொழப்பு பெரும் பொழப்பா இருக்குதே," என்று சிரித்தான். நரம்புப் பாலத்துக்கு அனுமதி கிடைத்தது. அடிபட்ட ஐந்தாவது மாதத்தில் கோயம்புத்தூரில் முதல் இழை வைத்தார்கள். பொங்கல் கழிந்து ஒரு நாள், காலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம், "தண்ணி சில்லுன்னு இருக்குது," என்றாள் முகிலா. மௌனிகா சொம்பைப் போட்டுவிட்டு அழுதாள்.

அடுத்த இழைக்குக் கையெழுத்துப் போட மறுபடி மன்றத்துக்குப் போக வேண்டி வந்தது. வராந்தாவில் தீனதயாளனோடு ஒரு பெண் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பேர் கிருபாஷினி, வெள்ளகோவில். அவள் பையன் அகரன் ஏழு வயது. அவனையும் ஒரு ஆளில்லா வண்டிதான் அடித்திருந்தது. தலையில் அடி, ஒரு பக்கக் கை கால் வரவில்லை.

"கல்யாணமாகிப் பன்னெண்டு வருசம் கழிச்சுப் பொறந்தவங்க்கா," என்றாள் கிருபாஷினி. "ஒரு நாள் கூட ஏன்டான்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. ராசா, நீ கலெக்டராவடா, உன்ன மாதிரி உண்டான்னு கொஞ்சிக்கிட்டேதான் இருப்பேன். இப்ப, அப்பிடிக் கொஞ்சறதுனாலயே அவன் ஒண்ணுக்கும் ஆகமாட்டான்னு போட்டிருக்கறாங்க."

மௌனிகாவுக்குப் புரியவில்லை. தீனதயாளன்தான் தலையைக் குனிந்தபடி சொன்னார். "உன்ற தீர்ப்பக் காட்டியிருக்கறாங்க அம்மிணி. நம்ம பக்கம் பெத்தவங்க நம்பிக்கை வெச்ச புள்ளையத் திட்டுவாங்க, அதுதான் வழக்கம்னு மெசினு படிச்சுக்கிச்சு. அப்ப திட்டவே திட்டாத வீட்ல நம்பிக்கையே இல்லைன்னு அர்த்தமாம். வெறும் சமாதானத்துக்குக் கொஞ்சறாங்களாம்."

அந்த நேரம் பார்த்து ரித்விக் வந்தான். அதே நல்ல சிரிப்பு. "அக்கா, நல்லா இருக்கீங்களா? பாப்பாவுக்குக் காலு பரவாயில்லையா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டான். "உங்க கேசுக்கு அப்பறம்தான் மெசினுக்கு நம்ம ஊரு வழக்கமே புரிஞ்சுதுங்க்கா. இப்ப ரொம்பத் துல்லியம்."

"இந்தம்மா புள்ளைக்கு என்ன தம்பி துல்லியம்?"

"நீங்க கேட்டதத்தான செஞ்சோம்?" என்றான் அவன்.

அவனை அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் அவன் சொன்னது நிஜம். அவள் கேட்டதைத்தான் செய்திருந்தார்கள். தராசையே எடுத்து எறி என்று கேட்டிருக்க வேண்டிய இடத்தில், என் பிள்ளைக்குச் சரியாக நிறுத்துப் போடு என்று கேட்டுவிட்டாள். நியாயம் கேட்பதாக நினைத்துக்கொண்டு, தன் பங்குக்கு மட்டும் சண்டை போட்டிருக்கிறாள்.

கிருபாஷினிக்காகத் தீனதயாளன் ஒரு விளக்கம் தயார் செய்திருந்தார். தவமிருந்து பெற்ற பிள்ளையைக் கொஞ்சுவதும் வழக்கம்தான் என்று மெசினுக்குச் சொல்லப் போகிறாராம்.

"வேண்டாங்க சார்," என்றாள் மௌனிகா. "இன்னைக்கு இத விளக்குனா, நாளைக்குப் பேசாத ஆத்தா ஒருத்தி வருவா. ஊமையா ஒருத்தி வருவா. ஆத்தாளே இல்லாத புள்ள வரும். எத்தனைய விளக்குவீங்க? பொதுக் கணக்குக் கேளுங்க. நான் வந்து சாட்சி சொல்றனுங்க."

"என்னன்னு சொல்லுவ?"

"மெசினு எனக்குப் போட்டதும் செல்லாதுன்னு."

தீனதயாளன் அவளைத் தனியாகக் கூட்டிப்போய் எச்சரித்தார். "நெழலே செல்லாதுன்னா உன்ற புள்ள தீர்ப்பும் ஆடும் அம்மிணி. அடுத்த இழைய நிறுத்தி வெக்கச் சொல்லிக் கம்பெனி மனு போடும். போடுவான், நான் பாத்திருக்கேன். வீட்ல கலந்துக்க."

வீட்டில் கோகுல், "நமக்கு எதுக்கு ஊர்ப் பொல்லாப்பு?" என்று ஒரு முறை சொன்னான். அப்புறம் அவனே, "அந்தப் பையனுக்குப் பேச்சு வருதாமா?" என்று கேட்டான். முகிலாதான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"எஞ்சினியர் வேலை எனக்குப் புடிக்கவே இல்லம்மா. அந்த மெசினு என்னையக் கேக்கவே இல்ல."

மௌனிகாவுக்குச் சுருக்கென்றது. அவளும்தான் கேட்கவில்லை.

அகரன் வழக்கின் விசாரணை நாளில் மறுபடியும் அதே கூண்டு, அதே நீதிபதி. ரித்விக் எழுந்து வந்தான். இந்த முறை சிரிக்கவில்லை.

"போன தடவை இதே எடத்துல நின்னு, என் பொண்ணு பெரிய ஆளா வருவா, சத்தியமா வருவான்னு சொன்னீங்க. அத வெச்சுத்தான் உங்களுக்குத் தீர்ப்பு. இன்னைக்கு நெழலே பொய்ங்கறீங்க. அப்ப அன்னைக்குச் சொன்னது பொய்யா? நல்லா யோசிச்சு பதில் சொல்லுங்க. பொய்யின்னா அந்தத் தீர்ப்ப ரத்து பண்ணச் சொல்லி நாளைக்கே மனு போடுவோம்."

தீனதயாளன் எழப் பார்த்தார். மௌனிகா கையைக் காட்டி அவரை உட்கார வைத்தாள். முகிலா நாற்காலியைப் பின்வரிசையிலிருந்து தானே தள்ளிக்கொண்டு முன்னால் வந்திருந்தாள், அகரனின் நாற்காலிக்குப் பக்கத்தில். மௌனிகா அவளை நேராகவே பார்த்தாள்.

"அன்னைக்கு ஆசையச் சொன்னனுங்க. அதுக்கு முன்னால பெட்டிக்கிட்ட பயத்தச் சொன்னேன். ரெண்டையும் எடுத்துக் கணக்குல போட்டீங்க. நெசத்த நீங்க கேக்கவே இல்ல."

"எது நிஜம்?" என்று கேட்டார் நீதிபதி மெர்லின்.

"என்ற புள்ள என்னவா ஆவாங்கறது எனக்குத் தெரியாதுங்க. பெத்தவளுக்கே தெரியாது. பருப்புப் பொறுக்குனாலும் பொறுக்குவா, ஊர ஆண்டாலும் ஆளுவா. அந்தப் பையனும் அப்பிடித்தான். என்ன ஆனாலும் நடந்து போய் ஆகட்டுமுங்க. ரோட்டோரமா நின்ன புள்ளைகள அடிச்சது இவங்க வண்டி. நெசமாத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அதுக்கு மேல என்ன தெரியோணும், கேட்டுச் சொல்லுங்க."

ரித்விக் நாளைக்கே மனு போடலாம், முகிலாவின் அடுத்த இழை நின்றுபோகலாம். அது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அவள் கூண்டை விட்டு இறங்காமல், நீதிபதி அந்தச் சாட்சியத்தை எழுதி முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.